அண்ணனும் தம்பியும் பேசாமலிருப்பது

மொன்றியல்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இன்னும் கொஞ்ச நாளைக்கு வெயிலில் சைக்கிள் ஓடாதே, அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் போகாதே. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. சின்னவள் தாதியர் படிப்பில் கடைசி வருடம். அவள் வேலைக்குப் போனதும் ஒருமுறை ஊருக்கு வரலாம் என்று வீட்டில் கதைத்திருக்கிறோம்.

சரி, நீ கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். ஹெய்ட்டி என்றால் துப்பாக்கிக் கும்பல்களைத் தவிர வேறு செய்தியே வருவதில்லை, அங்கே இருந்த அவ்வளவு பெரிய மக்கள் இயக்கம் எங்கே போனது, எல்லாம் அமெரிக்கன் செய்த வேலைதானே என்று எழுதியிருந்தாய். பாதிக்கு மேல் நீ சொல்வது சரி. மீதிதான் என்னை வருடக்கணக்காக உறுத்துகிறது.

என்னோடு பேக்கரியில் இரவு வேலை செய்த ஹெய்ட்டிக்காரரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன் அல்லவா? என்ஷ் நகரத்துப் பக்கத்து விவசாயக் குடும்பம். இளவயதில் ‘தி லெக்லிஸ்’ ஆட்களில் ஒருவர். சின்னக் கோயில் என்று அர்த்தம். ஏழைகள் கூடி வேதாகமம் படித்து, அதோடு நிலத்தையும் கூலியையும் பற்றிக் கதைத்த சபைகள் அவை. 1986 பெப்ரவரி 7இல் சர்வாதிகாரி டுவாலியே நாட்டைவிட்டு ஓடியதற்கு அவையும் ஒரு காரணம். அந்தச் சபைகளிலிருந்துதான் பாதிரியார் அரிஸ்டீட் எழுந்தார். 1988 செப்டெம்பரில் அவர் பூசை செய்துகொண்டிருந்த சேன் ஜோன் பொஸ்கோ தேவாலயத்துக்குள் ஆயுதக் கும்பல் புகுந்து சனங்களைக் கொன்றது. இரண்டு வருடம் கழித்து, 1990 டிசம்பர் 16 தேர்தலில், உலக வங்கியில் வேலை பார்த்த மார்க் பசேனை எதிர்த்து நின்று 67 சதவீத வாக்கு எடுத்தார்.

தனியே நாம் நலிந்தவர்கள், சேர்ந்தால் வலியவர்கள், எல்லோரும் ஒன்றாய்ச் சேர்ந்தால் லவலாஸ். இதுதான் அவர்களின் கோஷம். லவலாஸ் என்றால் அள்ளிக்கொண்டு போகும் வெள்ளம். நண்பர் இதைச் சொல்லும்போது மாப் பிசைகிற கை நின்றுவிடும்.

அந்த ஆட்சி எட்டு மாதம்கூட நிற்கவில்லை. 1991 செப்டெம்பர் 30இல் ராவூல் செட்ராஸின் இராணுவம் கவிழ்த்தது. அடுத்த மூன்று வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குத் துணை நின்ற ஃபிராப் என்ற கொலைப்படையின் தலைவன் எம்மானுவேல் கொன்ஸ்ரான், தனக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ பணம் கொடுத்ததைத் தானே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டான். ஆகவே வெளிநாட்டுக் கை இருந்ததா என்று விவாதிக்க இடமே இல்லை.

ஆனால் அந்தக் கொலைகளால் இயக்கம் உடையவில்லை. ஒளிந்திருந்த மூன்று வருடமும் ஒன்றாகத்தான் இருந்தோம், அரிஸ்டீட் திரும்பி வந்த பிறகுதான் பிரிந்தோம் என்பார் நண்பர். 1994 ஒக்டோபரில் அவர் வந்தது சுமார் 20,000 அமெரிக்கத் துருப்புகளின் துணையோடு. அதற்கு முன்பே பரிசில் வைத்துப் பொருளாதார நிபந்தனைகளை ஒப்புக்கொண்டிருந்தார்கள்: அரச நிறுவனங்களைத் தனியாருக்கு விற்பது, இறக்குமதி வரியைக் குறைப்பது. அரிசி வரி 3 சதவீதத்துக்கு வந்தது. அமெரிக்க அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்க, ஆர்ட்டிபொனிட் பள்ளத்தாக்கில் நெல் விளைத்தவன் விழுந்தான். அது தன் தவறு என்று 2010 மார்ச்சில், அந்த நாட்களில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கிளின்டனே அமெரிக்கச் செனட் குழு முன் சொன்னார். காலம் கடந்த வார்த்தை.

வாங்கிய நிபந்தனையை நிறைவேற்றுவதா, மீறுவதா என்பதில்தான் வெள்ளம் இரண்டாகப் பிரிந்தது. இயக்கத்தின் இன்னொரு தலைவரான ஜெரார் பியேர்-ஷார்லின் அணி, கையெழுத்துப் போட்டாயிற்று, ஆட்சியை நடத்த வேறு வழியில்லை என்றது. அரிஸ்டீட் 1996இல் ஃபான்மி லவலாஸ் என்று தனிக்கட்சி தொடங்கினார். மற்றவர்கள் லவலாஸ் என்ற பெயரையே தங்கள் கட்சியிலிருந்து எடுத்துவிட்டு, முதலெழுத்துகள் மாறாமல் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். 1997 ஏப்ரல் தேர்தலில் சண்டை முற்றி, ஜூனில் பிரதமர் ரோஸ்னி ஸ்மார்த் விலகினார். ஒன்றரை வருடத்துக்கு மேல் நாட்டுக்குப் பிரதமரே இல்லை. இதற்கு வொஷிங்டனிலிருந்து யாரும் ஆள் அனுப்பவில்லை மச்சான். ஒரே குகையில் ஒளிந்திருந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார மறுத்தார்கள்.

அதற்குப் பிறகு வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் சுவரை இடிக்க வேண்டியிருக்கவில்லை, வெடிப்பு ஏற்கெனவே இருந்தது. 2000 மேயில் சில செனட் இடங்களுக்கு வாக்கு எண்ணிய முறையில் பிழை. அதைக் காட்டி அரசுக்கு நேரடியாக வந்த உதவி நிறுத்தப்பட்டது. அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கல்விக்கும் வீதிக்கும் என்று ஒத்துக்கொண்ட 14.6 கோடி டொலர் கடனும் நின்றது. செனட் சண்டைக்குக் குழாய்த் தண்ணீர் என்ன பாவம் செய்தது? அதே நேரத்தில், குடியரசுக் கட்சிச் சார்புள்ள சர்வதேசக் குடியரசு நிறுவனம் என்ற அமெரிக்க அமைப்பு எதிரணியை ஒன்றுசேர்த்துப் பயிற்சி கொடுத்தது. சமரசத்துக்குப் போகாதே என்று அதன் ஆட்கள் எதிரணிக்குச் சொல்லித் தன் முயற்சியைக் கெடுத்தார்கள் என்று, அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த டீன் கர்ரனே பின்னால் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார்.

இங்கேதான் நண்பரின் வீட்டுக் கதை வருகிறது. என்ஷுக்குப் பக்கத்தில் பப்பாய் என்ற ஊர். 1973இல் ஷவான் ஜோன்-பாப்திஸ்ட் அங்கே தொடங்கிய விவசாயிகள் இயக்கம் பிறகு நாட்டிலேயே பெரியதாக வளர்ந்தது. நண்பரின் அண்ணன் அதில் உயிரைக் கொடுத்து வேலை செய்தவர். ஆட்சிக் கவிழ்ப்புக் காலத்தில் இராணுவம் அந்த இயக்கத்தைத் தேடித் தேடி அழித்தது. அரிஸ்டீடுக்கு மிக நெருக்கமாக இருந்த ஷவான், பிறகு அவரைக் கடுமையாக விமர்சித்து எதிரணிப் பக்கம் போனார். 2000 நவம்பரில் என்ஷில் அவர்கள் கூடியபோது லவலாஸ்காரர்கள் தாக்கினார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, ஷவானின் சகோதரரும் காயப்பட்டார்.

அந்த நாட்களில் நண்பர் இங்கே மொன்றியலில் இருந்தார், அரிஸ்டீட் பக்கம். அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்து, நீங்கள் எல்லாம் அமெரிக்கனின் காசுக்கு விலைபோய்விட்டீர்கள் என்றார். அண்ணன், உன் பாதிரியாரின் அடியாட்கள் எங்களைச் சுடுகிறார்கள், நீ குளிருக்குள் இருந்துகொண்டு புத்தி சொல்கிறாய் என்றார். 2004 பெப்ரவரி 29 விடியுமுன் அரிஸ்டீடை அமெரிக்க விமானத்தில் ஏற்றி மத்திய ஆபிரிக்கக் குடியரசுக்குக் கொண்டுபோனார்கள். அன்று இரண்டு பேரும் கடைசியாகக் கதைத்தார்கள். இன்றுவரை நண்பர் அண்ணன் வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார், மருமகன் மூலம். அண்ணனோடு ஒரு சொல் இல்லை.

விலைபோனவன் என்ற சொல்லுக்கு ஷவானின் பிற்கால வாழ்க்கையே பதில் என்று நினைக்கிறேன். 2010 பூகம்பத்துக்குப் பிறகு மொன்சான்ரோ என்ற அமெரிக்க விதை நிறுவனம் 475 தொன் கலப்பின விதையை இலவசமாகத் தருவதாகச் சொன்னது. இது புதிய பூகம்பம் என்று சொல்லி, ஆயிரக்கணக்கான விவசாயிகளை பப்பாயிலிருந்து என்ஷுக்கு நடத்திக்கொண்டு போனவர் அதே ஷவான். அமெரிக்கனின் ஆள் இதைச் செய்வானா? ஆனால் நண்பரின் கோபத்தையும் நான் தள்ளமாட்டேன். 2003இல் ஆலை முதலாளி அன்டி அபேயின் தலைமையில், அரிஸ்டீட் விலக வேண்டும் என்று நின்ற கூட்டணியோடு உண்மையான மக்கள் அமைப்புகளும் ஒரே வரிசையில் நின்றன. கூலி கேட்டுப் போராடியவர்களும் கூலி கொடுக்க மறுத்தவரும் ஒரே ஊர்வலத்தில் போனால், முடிவில் யாருக்கு லாபம்?

பத்தாய் ஊவ்ரியே என்ற தொழிலாளர் அமைப்பின் கதை இன்னும் வேதனை. வானமேன்த் எல்லையில் இருக்கும் சுதந்திர வர்த்தக வலயத்தில் 2004இல் நூற்றுக்கணக்கானவர்களை வேலையால் நிறுத்தினார்கள். அவர்களோடு நின்று சங்கம் அமைத்து, திரும்ப வேலைக்குச் சேர்த்து, கூட்டு ஒப்பந்தமும் வாங்கிக் கொடுத்தது அந்த அமைப்பு. அப்புறம் பார்த்தால், அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் சர்வதேச நிலையம் வழியாக அவர்களுக்கு வந்த பணம் அமெரிக்க அரசு நிதியிலிருந்து வந்தது என்பது வெளியானது. பணம் வாங்கியது உண்மை. போராட்டம் நடத்தியதும் உண்மை. வெளிநாட்டில் இருந்த ஆதரவாளர்கள் ஆளுக்கொரு பாதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் வைதார்கள். அந்த ஆலைப் பெண்களின் பெயரை யாரும் சொல்லவில்லை.

நீ அங்கே இருப்பதால் இதையும் எழுதவேண்டும். 2004இல் ஐநா படை ஹெய்ட்டிக்கு வந்தபோது நம் இலங்கைத் தீவின் இராணுவமும் அதில் போனது. 2007 நவம்பரில் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் 108 பேரைத் திருப்பி அனுப்பினார்கள். சுரண்டப்பட்டவர்களில் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். நண்பர் ஒருநாள் என்னிடம், உங்கள் ஊர்ப் படைதானே என்று கேட்டார். நமக்கும் அந்தப் படைக்கும் உள்ள கதையை அவருக்கு அன்றிரவு முழுக்கச் சொன்னேன். விடியும்வரை இரண்டு பேரும் பேசாமல் பாண் அடுக்கினோம்.

அண்மைக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018இல், வெனிசுவேலா கடனுக்குக் கொடுத்த எண்ணெயால் அரசுக்கு வந்த பெற்றோகரிப் பணம் எங்கே என்று கேட்டு இளம் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். 2021 ஜூலையில் ஜனாதிபதி மொயீஸ் கொல்லப்பட்டதும், வெளிநாட்டுத் தூதர்களின் ‘கோர் குழு’ ஏரியல் ஹென்றிக்கு ஆதரவாக அறிக்கை விட்டது. அவர்தான் பிரதமரானார். அந்த ஓகஸ்டில் விவசாய அமைப்புகள், பெண்கள் அமைப்புகள், கட்சிகள் எல்லாம் கூடி, இடைக்கால ஆட்சியை ஹெய்ட்டிக்காரர்களே அமைப்பது என்று மொன்ரானா ஒப்பந்தத்தைச் செய்தன. இந்த முறை வெள்ளம் திரும்பவும் சேரும் என்று நானும் நம்பினேன். கொஞ்ச நாளிலேயே மொயீஸ் ஜோன்-ஷார்லின் (இவர் கொல்லப்பட்ட ஜனாதிபதி அல்ல, வேறொருவர்) கட்சி பிரிந்துபோனது. 2024இல் ஜமெய்க்காவில் கரிபிய நாடுகளும் அமெரிக்காவும் கூடி ஹெய்ட்டிக்கு இடைக்கால ஆட்சிக் குழுவை வகுத்தபோது, வெளிநாட்டுப் படையை ஏற்பவர்களுக்கே இடம் என்று நிபந்தனை போட்டார்கள். மொன்ரானா, ஃபான்மி லவலாஸ், ஜோன்-ஷார்லின் கட்சி எல்லாருமே அதில் போய் உட்கார்ந்தார்கள்.

நான் கோபப்படுவது எதற்கென்றால், முப்பது வருடமாக அங்கே யார் எதைக் கேட்டாலும், கணக்குக் காட்டு என்றாலும், ஏன் சுட்டாய் என்றாலும், பதில் ஒன்றுதான்: நீ வெளியாரின் ஆள். வெளியார் பணம் உண்மையாகவே ஓடியதால்தான் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு வலிமை. இந்தச் சொல்லை நீயும் நானும் இருபது வயதில் எத்தனை பேர்மேல் எறிந்தோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை.

போன மாதம் நண்பரைப் போய்ப் பார்த்தேன். மீர்பலே என்ற நகரம் கும்பல்களின் கையில் விழுந்த பிறகு அங்கிருந்து ஓடிய சனங்களில் பலர் என்ஷுக்கு வந்திருக்கிறார்கள். அண்ணன் வீட்டில் இப்போது பதினாலு பேராம், அதில் பாதி யாரென்றே தெரியாதவர்கள். மருமகன் அனுப்பிய படத்தைக் காட்டினார். முற்றத்தில் பெரிய பானை, பக்கத்தில் அண்ணன் அகப்பையோடு. ‘மெலிந்துவிட்டான்’ என்று மட்டும் சொன்னார். இந்த மாதம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அனுப்பியிருக்கிறார். போன் எடுக்கவில்லை. எடுங்கள் என்று நானும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். வருகிற ஞாயிறு திரும்பவும் போகிறேன்.

மற்றக் கண்ணுக்கு எப்போது என்று வைத்தியர் சொன்னதும் எழுது. செலவுக்கு நான் இருக்கிறேன், யோசிக்காதே. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய சிநேகிதன்