கிடைப்பது இரண்டு நாள்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த மாதம் என் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே இடுப்புவலி கண்டுவிட்டது. விலை கூடின ஊசி மருந்து ஏற்றினால் பிரசவத்தைத் தள்ளிப்போடலாம் என்றார்கள் ஒரு தனியார் மருத்துவமனையில். வேறு மருந்து இல்லீங்களா என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்த ஊசி அடோசிபன். நிஃபெடிபின் என்கிற பழைய ரத்த அழுத்த மாத்திரையும் கருப்பை இறுக்கத்தைத் தணிக்கும். விலையும் மிகக் குறைவு. நெதர்லாந்து, பெல்ஜியத்தில் சுமார் 500 கர்ப்பிணிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2016இல் வந்த ஆய்வில், குழந்தைகளின் நலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் முன்வைத்ததும் நிஃபெடிபினைத்தான். மாத்திரையால் தலைவலி வரலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம். முடிவு டாக்டருடையது, சரி. அதைச் சொல்லிவிட்டுச் செய்தால் என்ன?

எந்த மருந்தும் வலியை மாதக்கணக்கில் நிறுத்தாது. கிடைப்பது ஏறக்குறைய 48 மணி நேரம். அதற்குள் குழந்தையின் நுரையீரலைத் தேற்ற தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, பச்சிளங்குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சை தரும் இடத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். பர்கூர் மலையிலிருந்து வளைந்து வளைந்து அந்தியூருக்கு இறங்கி, அப்புறம் ஈரோடு போய்ச்சேர வேண்டிய பெண்ணுக்கு அந்த நேரம்தான் எல்லாமே. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிப் பரிசோதனை நாளன்றே இதையெல்லாம் குடும்பத்தாருக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், அந்தியூர்