கோட்டைக் கதவை அவ்வளவு எளிதாகச் சாத்திவிடாதீர்கள்

வேலூரிலும் காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் 'அவுட்லேண்டர்' தொடரைக் காட்சிக்குக் காட்சி விவாதிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நானும் இந்தத் தொடரின் ரசிகைதான். செவிலியராக வேலை செய்கிறேன். இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்து, தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு சப்டைட்டிலோடு பார்த்தவள். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய கிளேர் என்ற நர்ஸ், 1945-இல் ஸ்காட்லாந்தின் ஒரு கல்வட்டத்தைத் தொட்டு 1743-இல் போய் விழுகிறாள் என்று கேட்டபோதே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. உங்களில் பலர், அவள் அங்கே மணக்கும் ஸ்காட்லாந்து வீரன் ஜேமி ஃப்ரேசருக்காகப் பார்த்தீர்கள். நான் கிளேரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்துக்குள் விழுந்த அன்றே, முரட்டு ஆண்கள் சூழ்ந்து நிற்க, ஒருவனுடைய தோள்மூட்டை அவள் சரியான கோணத்தில் திருப்பி இருப்பிடத்தில் பொருத்துகிறாளே, அந்த நொடியிலிருந்து அவளை விட்டு என்னால் விலக முடியவில்லை.

இப்போது இந்த மடலை எழுத வைத்தது உங்கள் நடுவில் கைமாறிக்கொண்டிருக்கும் ஒரு கதை. இன்றைய சத்துவாச்சாரிப் பெண் ஒருத்தி 1806 ஜூலை 9-ஆம் தேதி இரவு வேலூர்க் கோட்டைக்குள் போய்ச் சேர்கிறாள். ஆற்காட்டிலிருந்து காலையில் குதிரைப்படை வரப்போகிறது என்று சிப்பாய்களிடம் சொல்கிறாள். அவர்கள் கோட்டைக் கதவுகளைச் சாத்திவிடுகிறார்கள். கம்பெனிப் படை நிஜத்தில் ஒரே நாளில் ஒடுக்கிய சிப்பாய்ப் புரட்சி, இந்தக் கதையில் வெல்கிறது. எழுதியவருக்கு நல்ல நடை இருக்கிறது, ஊர்ப்பற்று இருக்கிறது. அதற்கு நீங்கள் சொன்ன பாராட்டுதான் எனக்குத் தாங்கவில்லை. "இரண்டாம் சீசனையும் இப்படித்தான் எடுத்திருக்க வேண்டும். நடக்கப்போவது தெரிந்தவளால் ஒரு போரை நிறுத்த முடியாதா? பாரிஸ் பகுதி முழுவதும் வீண்" என்கிறீர்கள். தொடர் எட்டாவது சீசனோடு விடைபெறும் வேளையில், அதன் உயிர்நாடியான பகுதியை வீண் என்று நீங்கள் ஒதுக்குவதைக் கேட்டுக்கொண்டு என்னால் பேசாமல் இருக்க முடியாது.

இரண்டாம் சீசனின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். தன் காலத்துக்கு, 1948-க்குத் திரும்பி வந்து விழுந்த கிளேர், சாலையில் முதலில் எதிர்ப்பட்டவரிடம் குலோடன் போரில் வென்றது யார் என்று கேட்கிறாள். ஆங்கிலேயர் என்று பதில் வருகிறது. ஸ்காட்லாந்து மலைநாட்டவரான ஹைலேண்டர்கள் தோற்ற போர் அது, அவளும் ஜேமியும் தடுக்கப் பார்த்த போர். அப்போதே நமக்கு எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. அதன் பிறகு வருகிற பாரிஸ் மாளிகைகள், பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரி ஹைலேண்டர்களைத் திரட்டிய இளவரசர் சார்லஸுக்குப் பணம் சேராமல் தடுக்கும் சூழ்ச்சிகள் எல்லாவற்றையும் முடிவு தெரிந்தே பார்க்கிறோம். கிளேரும் ஜேமியும் முயலாமல் தோற்கவில்லை. பொய் சொன்னார்கள், சரக்கைக் கவர்ந்தார்கள், நண்பர்களை ஏய்த்தார்கள். கடைசியில், போருக்குச் சில மணி நேரம் முன்பு, மஞ்சள் மல்லிகை நஞ்சைக் கொடுத்து இளவரசரையே கொன்றுவிடலாம் என்று கிளேர் சொல்கிறாள். உயிரைக் காப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணை எதிர்காலம் பற்றிய அறிவு அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. இதையா வீண் என்கிறீர்கள்?

1746 ஏப்ரல் 16 அன்று நடந்த குலோடன் போர் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. முந்தைய இரவு எதிரியின் முகாமைத் திடீரென்று தாக்கப் புறப்பட்ட ஹைலேண்டர்கள், விடியுமுன் போய்ச்சேர முடியாமல் பாதி வழியில் திரும்பி, பட்டினியும் தூக்கமின்மையுமாகக் களத்தில் நின்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இது கற்பனை இல்லை. தொடர் இந்த உண்மையின் மேல் கை வைக்கவில்லை என்பதால்தான் அதை நான் மதிக்கிறேன்.

நம் ஊருக்கு வருவோம். நடக்கப்போவதை அறிந்தவர் ஒருவர் 1806-இல் வேலூர்க் கோட்டைக்குள் நிஜமாகவே இருந்தார். அவர் எந்தக் கல்லையும் தொட்டு வந்தவர் அல்லர். முஸ்தபா பேக் என்ற சிப்பாய். முதலாம் படைப்பிரிவைச் சேர்ந்தவர். ஜூன் மாதத்திலேயே தன் மேலதிகாரி ஃபோர்ப்ஸிடம் போய், வெள்ளையர்களைக் கொல்லத் திட்டம் தயாராகிறது என்று சொன்னார். அதிகாரி அதை இந்திய அதிகாரிகள் குழு ஒன்றிடம் விசாரிக்கக் கொடுத்தார். அவர்களில் திட்டத்தில் பங்கு கொண்டவர்கள் இருந்தார்கள். இவனுக்குப் பைத்தியம் என்று குழு சொல்லிவிட்டது. முஸ்தபா பேக் காவலில் அடைக்கப்பட்டார். அடுத்த மாதம் அவர் சொன்னபடியே நடந்தது. பிறகு கம்பெனி அவருக்கு 2000 பகோடா பொற்காசு பரிசு கொடுத்தது.

நம் பார்வையில் அவர் காட்டிக்கொடுத்தவர். எனக்கும் அவர் மேல் அன்பு கிடையாது. ஆனாலும் கதை எழுதும் தம்பி, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். மூன்று வாரங்களுக்கு முன்பு தங்களில் ஒருவனே ரகசியத்தை வெளியிட்டுவிட்ட ஒரு கோட்டையில், முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து "உங்கள் திட்டம் எனக்குத் தெரியும், நாளைக் காலை என்ன நடக்கும் என்பதும் தெரியும்" என்று சொன்னால் சிப்பாய்கள் அவளை என்ன செய்வார்கள்? வேவு பார்க்க வந்தவள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஆங்கிலேயரிடம் சொன்னால் பைத்தியம், சிப்பாய்களிடம் சொன்னால் உளவாளி. கிளேரைச் சூனியக்காரி என்று பிடித்து விசாரணையில் நிறுத்தியதும் இதே பாதையில் வந்ததுதான். உங்கள் கதாநாயகி சொன்ன மாத்திரத்தில் அத்தனை பேரும் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தப் போகிறார்கள். அந்த இடத்தில் கதையை நான் மூடி வைத்துவிட்டேன்.

கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் ஆங்கில அதிகாரி அனுப்பிய செய்தி கிடைத்து, கம்பெனி பக்கத்துத் தளபதி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து 19-ஆம் குதிரைப்படையோடு காலையில் வந்து சேர்ந்தார். வெளிக் கதவுகள் திறந்து கிடந்தன. உள் கதவு அடைபட்டிருந்தது. அவரைக் கயிற்றால் மதில்மேல் இழுத்துக்கொண்டார்கள், உயிரோடு எஞ்சியிருந்த 69-ஆம் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்களைத் திரட்டினார், பின்னால் வந்த பீரங்கிகள் கதவைத் தகர்த்தன. ஆக, சாத்தியிருந்த கதவும் தாங்கவில்லை. எல்லாக் கதவுகளையும் சாத்தியிருந்தால் சில மணி நேரம் கிடைத்திருக்கலாம். அதற்குப் பிறகு? கோட்டை அரண்மனையில் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளில் யார் முன்னே வந்து தலைமை ஏற்பது? சென்னையிலிருந்து அடுத்த படை வரும்போது யார் அகழிக்கரையில் நிற்பது? இந்தக் கேள்விகளை எழுப்பினால் உங்கள் கதை இன்னும் வளரும்.

அந்தச் சிப்பாய்களை எனக்குக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். 1805 நவம்பரில் வந்த உத்தரவு அவர்களுடைய நெற்றிக்குறியை அழிக்கச் சொன்னது, தாடியை மழிக்கச் சொன்னது, காதணியைக் கழற்றச் சொன்னது, தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையை அணியச் சொன்னது. 1806 மே மாதத்தில் இதே கோட்டையில் அதை மறுத்தவர்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்கள். ஓர் இந்துவுக்கும் ஓர் இஸ்லாமியருக்கும் தலா 900 கசையடி. 900 கசையடி வாங்கிய முதுகு எப்படி இருக்கும் என்று ஒரு செவிலியராக என்னால் கற்பனை செய்ய முடிகிறது. ஜேமியின் முதுகுத் தழும்புகளைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் நீங்கள். நம் ஊர்ச் சிப்பாயின் முதுகைப் பற்றி ஒரு வரிகூட உங்கள் கதையில் இல்லையே.

குலோடனுக்குப் பிறகு அங்கேயும் உடையின் மேல்தான் கை வைத்தார்கள். ஹைலேண்டு ஆண்கள் தங்கள் மரபு உடையை அணியக் கூடாது என்று 1746-இல் சட்டம் வந்தது. 1782 வரை அது நீக்கப்படவில்லை. நம் அறுபதாண்டுக் கணக்கில் பார்த்தால் குலோடனும் அட்சய ஆண்டு, வேலூர்ப் புரட்சியும் அட்சய ஆண்டு. சரியாக ஒரு சுற்று. தற்செயல்தான். இருந்தாலும் பஞ்சாங்கத்தை வைத்து எண்ணிப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது, உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். இரவு வார்டில் சில நேரம் எங்களுக்கு முடிவு தெரிந்துவிடும். இரத்த அழுத்தம் இறங்கும் விதம், சிறுநீரின் அளவு, மூச்சின் போக்கு எல்லாம் சொல்லிவிடும். உறவினர்களிடம் மருத்துவர் எடுத்துச் சொல்லியிருப்பார், அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். தெரிந்த பிறகும் நாங்கள் படுக்கையை விட்டுப் போவதில்லை. புண்படாமல் புரட்டிப் படுக்க வைக்கிறோம், உதட்டை நனைக்கிறோம், வலிக்கு மருந்து கொடுக்கிறோம். குலோடனுக்கு முன் நடந்த பிரஸ்டன்பான்ஸ் போரில் தங்கள் பக்கம் வெல்லும் என்பது கிளேருக்கு முன்பே தெரியும். இருந்தும் அன்று அவள் செய்த வேலை என்ன? பெண்களைக் கூட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். ஏன் கொதிக்க வைக்க வேண்டும் என்று அவர்களிடம் விளக்க அவளால் முடியாது, கிருமி நீக்கத்தை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்த லிஸ்டர் வருவதற்கு இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. அவர்களுடைய கூட்டாளி அங்கஸ் வெளியே காயமே தெரியாமல் உட்கார்ந்திருந்து, உள்ளே இரத்தம் கசிந்து, அவள் கண்ணெதிரே செத்துப்போகிறான். வென்ற போரிலும் அவனை அவளால் காப்பாற்ற முடியவில்லை. காலப்பயணக் கதைகளில் இவ்வளவு நேர்மையான மருத்துவக் காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆகவே உங்கள் சத்துவாச்சாரிப் பெண் புரட்சியை வெல்ல வைக்க வேண்டாம். அன்று காலை கோட்டைக்குள் அவளை நடமாட விடுங்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டபின் அவருடைய மனைவி இரண்டு குழந்தைகளோடு கோழிக்கூண்டில் ஒளிந்திருந்ததை அவரே பின்னர் எழுதிவைத்திருக்கிறார். இன்னொரு பக்கம், அரண்மனைக்குள் பிடிபட்ட ஏறத்தாழ நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து சுவர் ஓரமாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். மாண்ட சிப்பாய்கள் 350 பேர் என்பார்கள், அதைவிடக் கூடுதல் என்பாரும் உண்டு. பிறகு நடந்த விசாரணையில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். இவை அத்தனையும் முன்கூட்டியே அறிந்த ஒரு பெண் யாரிடம் போவாள், யாருக்குத் தண்ணீர் கொடுப்பாள், யாரை மறைத்து வைப்பாள்? ஒரே ஒரு சிப்பாயை அகழி தாண்டித் தப்ப வைத்தாலும் போதும், அந்தக் கதையை நான் கடைசி வரி வரை படிப்பேன்.

குலோடன் களத்தில் 1881-இல் நட்ட குலக்கற்களில் ஃப்ரேசர் கல்லைப் பார்க்கத் தொடரின் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாகப் போய், சுற்றியிருந்த புல்தரை தேய்ந்து, அங்கே தடுப்புப் போட வேண்டியதாயிற்று. ஜேமி கற்பனை மனிதன். அந்த மண்ணுக்குள் கிடப்பவர்கள் நிஜ மனிதர்கள். அங்கே போன ரசிகர்களின் அன்பை நான் குறை சொல்லவில்லை, கால் வைக்கும் இடம் கல்லறை என்ற நினைவு வேண்டும் என்கிறேன். நம்மிடம் நிலைமை தலைகீழ். மக்கான் சந்திப்பில் புரட்சி நினைவுத் தூண் நிற்கிறது. ஜூலை 10 அன்று மாலை போடுகிறார்கள். மற்ற நாட்களில் பஸ்ஸும் ஆட்டோவும் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. குலோடன் வரைபடத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் உங்களில் எத்தனை பேர் அந்தத் தூண் அருகில் நின்று அதில் இருப்பதைப் படித்திருக்கிறீர்கள்? கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்து எபிசோடுகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறீர்கள். அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். வருகிற ஞாயிறு எல்லோருமாகப் போய்வாருங்கள், நானும் வருகிறேன்.

கதையைத் திருத்தி எழுதினால் என்னிடம் கொடுங்கள். காயம், கட்டு, காய்ச்சல் வருகிற பகுதிகளை நான் சரிபார்த்துத் தருகிறேன். இப்போதைய வரைவில் தொடையில் குண்டு பட்டவன் மறுநாளே குதிரை ஏறுகிறான். அந்தக் காலத்து ஈயக் குண்டு பெரியது, மெதுவாக வருவது. துணியையும் அழுக்கையும் சேர்த்துச் சதைக்குள் கொண்டுபோகும், எலும்பில் பட்டால் சில்லுச் சில்லாக நொறுக்கும். அந்தச் சிப்பாய்க்குக் காலை எடுக்க வேண்டியிருக்கும். அதை யார் எடுப்பது, எதை வைத்து எடுப்பது, அப்போது அவனை யார் பிடித்துக்கொள்வது என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
வேலூர்ச் செவிலியர் ஒருத்தி