திரும்பிப் பார்ப்பது எனக்குப் பாரமில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார கார்களில் வந்திருக்கும் வசதிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். அதில் ஒரு வரி: "காரைப் பூட்டினோமா என்று திரும்பிப் பார்க்கும் கவலை இனி இல்லை." இந்த வரியை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். திரும்பிப் பார்ப்பது கவலை என்று உங்கள் கட்டுரையாளரிடம் யார் போய் அழுதார்கள்?

முப்பத்தைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். இறங்குவேன், சாவியைத் திருப்புவேன், கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பேன், போய்விடுவேன். இரண்டு விநாடி வேலை. அதற்கப்புறம் காரின் நினைப்பே வராது. இப்போதுதான் எங்கே போனாலும் அதே நினைப்பாக இருக்கிறது.

எங்கள் கார் ஒன்றரை வருடத்துப் பழசு. போன்தான் சாவி. போனை வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தால் கார் தானே பூட்டிக்கொள்ளும், பக்கவாட்டுக் கண்ணாடிகளை மடக்கிக்கொள்ளும். நல்லது. ஆனால் பூட்டியதா என்று பார்க்க வேண்டுமே! கிட்டே போனால், சாவி வந்துவிட்டது என்று நினைத்துத் திறந்துகொள்கிறது. கைப்பிடியை இழுத்தால் கதவு கையோடு வருகிறது. ஆகவே இப்போது என் வீட்டுக்காரர் என் போனையும் தன் போனையும் வாங்கிக்கொண்டு தூரத்தில் போய் நிற்பார், நான் வெறுங்கையோடு வந்து கைப்பிடியை இழுத்துப் பார்ப்பேன். முன்பு ஒருவர் இரண்டு விநாடியில் முடித்த வேலைக்கு இன்று இரண்டு ஆள், ஐந்து நிமிடம். இதற்குப் பெயர் வசதி என்று எழுதியிருக்கிறீர்கள்.

தங்களுக்குத் தெரியாததல்ல, ப்ளூடூத் என்பது தூரத்தை அளக்கும் கருவியல்ல. சிக்னலின் வலுவைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லும். போன் கைப்பையில் இருந்தால் ஒரு கணக்கு, கையில் இருந்தால் ஒரு கணக்கு, நடுவில் சுவர் வந்தால் இன்னொரு கணக்கு. இப்போது சில கார்களில் வந்திருக்கும் அல்ட்ரா வைடு பேண்ட் முறை, சிக்னல் போய்வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுவதால் இதைவிட எவ்வளவோ மேல். எந்தக் காரில் எது இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் வாங்கப்போகிறவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும். எழுதவில்லை. இருக்கைத் தையலின் நிறத்துக்கு மட்டும் ஒரு பத்தி கிடைத்திருக்கிறது.

"சாவியைவிடப் பாதுகாப்பானது" என்று வேறு போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். 2011-லேயே சூரிச்சில் உள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழக (ETH) ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களை எடுத்து, சாவி இல்லாமல் திறக்கும் வசதியைச் சோதித்துப் பார்த்தார்கள். சாவியின் சிக்னலை இடையில் பிடித்துக் காருக்குக் கடத்தினால் போதும், பத்தும் திறந்துகொண்டன. 2022-இல் என்.சி.சி குரூப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தினர் போன் சாவியின் ப்ளூடூத்தையும் அதே பாணியில் ஏமாற்றி டெஸ்லா மாடல் 3-ஐத் திறந்து காட்டினார்கள். ஓட்டுவதற்கு முன் ரகசிய எண் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள் என்றாவது உங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

என் கதைக்கு வருகிறேன். நாங்கள் கார் நிறுத்தும் இடத்துக்கும் எங்கள் படுக்கையறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இரவில் நான் புரண்டு படுத்து போனை இந்தப் பக்கம் வைத்தால் கார் விழித்துக்கொள்ளும். அந்தப் பக்கம் வைத்தால் பூட்டிக்கொள்ளும். டொக், சர்ர், டொக், சர்ர் என்று கண்ணாடி விரிவதும் மடங்குவதுமாக ஒரு மாதம் போயிற்று. பேய் பிடித்த கார் என்று என் பேரன் சொன்னான். பிறகு ஒரு காலையில் சத்தமே இல்லை. கதவும் இல்லை.

ஆமாம், கதவே இல்லாத மாதிரிதான். இந்தக் கார்களில் கைப்பிடி உடம்போடு உடம்பாக உள்ளே பதிந்திருக்கும், மின்சாரம் வந்தால்தான் வெளியே நீளும். தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரியில் எண்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. ஆனால் பூட்டு, கைப்பிடி, திரை எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பது பழைய காரில் இருந்த அதே 12 வோல்ட் பேட்டரிதான். ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் எழுப்பினால் அது செத்துப்போகாமல் என்ன செய்யும்? பெரிய பேட்டரி இருக்கிறதே என்று இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

உதவி எண்ணை அழைத்தோம். "ஆப்பை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள் மேடம்" என்றார் அந்தத் தம்பி. திறந்தேன். ஆப் நன்றாகத் திறந்தது, கார்தான் திறக்கவில்லை. அப்படியானால் பானெட்டைத் திறந்து 12 வோல்ட் பேட்டரிக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுங்கள் என்றார். பானெட்டைத் திறக்கும் நெம்புகோல் ஸ்டீயரிங்குக்குக் கீழே, காருக்கு உள்ளே இருக்கிறது. கையேட்டைப் பாருங்கள் என்றார். கையேடு அச்சடித்துத் தரப்படவில்லை, காரின் திரையில் இருக்கிறது. திரை எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் அந்தத் தம்பியும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பாவம், அவருக்கும் திரையில் இருந்ததைத்தான் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியில், மேஜை இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்த ரிமோட்டின் வயிற்றுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி இருப்பதையும், கைப்பிடிப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியை நெம்பினால் அதற்கான துளை இருப்பதையும் என் பேரன் எங்கேயோ ஒரு வீடியோவில் பார்த்துச் சொன்னான். சாவி, துளை, ஒரு திருப்பு. முப்பத்தைந்து வருடம் நான் செய்துகொண்டிருந்த அதே வேலை! அதை ஏன் ஒளித்துவைத்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது என் ஒருத்தியின் புலம்பல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2025 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2021-ஆம் ஆண்டு டெஸ்லா மாடல் ஒய் கார்கள் ஏறத்தாழ 1,74,000-ஐ விசாரணைக்கு எடுத்தது. குழந்தையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு வெளியே நின்ற பெற்றோருக்குக் கதவு திறக்கவில்லை என்பது புகார். நான்கு பேர் ஜன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். சீனாவில் 2027 ஜனவரி 1 முதல், புதிய மாடல் கார்களின் கதவுகளை உள்ளிருந்தும் வெளியிருந்தும் மின்சாரம் இல்லாமல் கையால் திறக்க வழி இருக்க வேண்டும் என்று விதியே போட்டுவிட்டார்கள். உங்கள் கட்டுரையில் அந்தப் பதிந்த கைப்பிடிக்கு "சிற்பம்போல்" என்று ஒரு உவமை இருந்தது. சரிதான், சிற்பமும் கதவைத் திறந்துவிடாது.

பார்க்கிங் பற்றி உங்கள் கட்டுரையில் இன்னொரு முத்து: "பெண்களுக்கும் மூத்தவர்களுக்கும் வரப்பிரசாதம்." ஐயா, இரண்டும் நான்தான். எனக்கு யாரும் வரம் கேட்கவில்லை. ரிவர்ஸில் இரண்டு கார்களுக்கு நடுவே சொருகுவதை நான் ஒரே திருப்பில் செய்வேன், என் வீட்டுக்காரர் மூன்று திருப்பில் செய்வார். அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

தானே பார்க் செய்யும் கார் 2003-லேயே ஜப்பானில் டொயோட்டா பிரியஸில் வந்துவிட்டது. நீங்கள் நேற்றுப் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். போகட்டும். வெளியே நின்று போனில் பொத்தானை அழுத்தியபடி காரை நுழைக்கும் வசதியை நானும் ஒருநாள் ஆசையாகப் பயன்படுத்தினேன். விரலை எடுத்தால் கார் நின்றுவிடும், ஆறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கக் கூடாது. சர்வதேச விதியே அப்படித்தான், நியாயமான விதி. கார் பாதி நுழைந்திருந்தபோது போனில் அழைப்பு வந்தது. ஆப் பின்னால் போயிற்று, கார் குறுக்காக நின்றது, பின்னால் நாலு வண்டி ஹாரன். எடுத்துப் பேசினால் கடன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். காரில் ஏறி ஓட்டலாம் என்றால், பக்கத்துக் காருக்கும் எங்கள் கதவுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான். இடுக்கில் நிறுத்தத்தான் இந்த வசதியாம்!

இதே போன்ற சங்கதியில், தானே வந்து நிற்கும் டெஸ்லா கார்கள் கம்பத்தையும் நிறுத்தியிருந்த வண்டிகளையும் இடித்ததாகப் புகார் வந்து, 2025 ஜனவரியில் அமெரிக்காவில் சுமார் 26 லட்சம் கார்களை விசாரணைக்கு எடுத்தார்கள். மெல்லிய கம்பமும் தாழ்ந்த கல்லும் சென்சார் கண்ணுக்குத் தப்புவது ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரியும். மழை நீர் பட்ட கேமராவில் என்ன தெரியும் என்பதும் தெரியும். உங்கள் கட்டுரையாளர் மழையில் ஓட்டியதில்லை போலும். காரை ஒருநாள் வாங்கி ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பவருக்குப் படுக்கையறைச் சுவர் ஏது, செத்த பேட்டரி ஏது.

இதையெல்லாம் போன வருடமே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தேன். "மின்சார கார் அமைதியாக ஓடுகிறது" என்ற முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு, "ஆனால்" என்று தொடங்கிய மீதியை வெட்டிவிட்டு, என்னைப் பாராட்டுக் கடிதம் எழுதியவளாக்கிப் பிரசுரித்தீர்கள். நன்றி. வாசகர் கடிதம் இரண்டு பக்கமாக இருந்தது, ஒரு பக்கமாயிற்று, இப்போது அரைப் பக்கம். மீதி அரைப் பக்கத்தில் கார் விளம்பரம். எழுத்தளவையும் குறைத்துவிட்டீர்கள், மூத்தவர்களுக்கான அந்த வரப்பிரசாதத்தை முதலில் அங்கே காட்டியிருக்கலாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கார் மதிப்புரையின் கீழும் ஒரு அட்டவணை போடுகிறீர்கள் அல்லவா, அதில் ஒரு வரி சேருங்கள்: மின்சாரம் போனால் கதவை உள்ளிருந்து எப்படித் திறப்பது, வெளியிலிருந்து எப்படித் திறப்பது. பின்கதவுக்கும் சேர்த்து. இடம் இல்லை என்றால் திரை எத்தனை அங்குலம் என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் வாசகி

பி.கு.: சார்ஜ் நிறைந்த பிறகும், காரில் செருகியிருந்த சார்ஜிங் கன் கழன்று வராமல், பின்னால் காத்திருப்பவர்கள் முறைக்க, நானும் என் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி இழுத்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் காரில் கதவுப் பூட்டைத் திறந்தால்தான் அதுவும் விடும். கார் தானே பூட்டிக்கொண்டதால் கன்னையும் பிடித்துக்கொண்டிருந்தது. இதை வெட்டினாலும் பரவாயில்லை, கதவைப் பற்றிய பத்தியை வெட்டாதீர்கள்.