துக்கடாவைப் படிக்க எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்கள் என்ன படிக்கலாம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையை எங்கள் வீட்டில் நானும் படித்தேன், என் மகளும் படித்தாள். இசைப் படிப்பு என்ற இடத்தில் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில் என்று போட்டிருந்தீர்கள். "அப்போ கீபோர்டு வாசிக்கிறவங்க எங்கப்பா போறது?" என்று கேட்டாள். 26 வருஷமாக ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்துத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனாலும் என்னிடம் பதில் இல்லை.

அவளுக்காகக் கேட்டுப் பார்க்காமல் இல்லை. இரண்டு இடங்களுக்குப் போனோம், பெயர் வேண்டாம். ஓர் இடத்தில் "சினிமா பாட்டெல்லாம் இங்கே கிடையாதுங்க" என்று சிரித்தார்கள். இன்னோர் இடத்தில் சிரிக்கக்கூட இல்லை.

சினிமா பாட்டில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒருமுறை மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினத்தில் மேடைக்குப் பின்னால் வந்து நிற்கட்டும். பாடுகிற பெண்ணுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை, கூடப் பாடுகிற ஆணுக்கு ஒன்றரைக் கட்டை. பாட்டோ டூயட். எந்தக் கட்டையில் வைத்தால் இரண்டு தொண்டையும் தாங்கும் என்று பத்து நொடியில் முடிவு பண்ணியாக வேண்டும். ஒலிப்பதிவில் வயலின்கள் வரிசையாக உட்கார்ந்து வாசித்த இன்டர்லூடை, அதாவது பாட்டுக்கு நடுவில் வரும் வாத்திய இசையை, இங்கே ஆறு பேர் வாசிக்கிறோம். எதை விடலாம், எதை விட்டால் ஜனம் கண்டுபிடித்துவிடும்? நான் இதைத் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டேன். வெளிநாட்டில் இதற்கு அரேஞ்ச்மென்ட் என்று பெயர் வைத்து, பாடமாக நடத்தி, மதிப்பெண்ணும் போடுகிறார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இன்று பெர்க்லி என்று அழைக்கப்படும் இசைக் கல்லூரி 1945இல் தொடங்கியபோது அங்கே சொல்லிக்கொடுத்தது ஜாஸ், அதாவது அந்தக் காலத்து ஜனங்களின் பாட்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகம் ஜனரஞ்சக இசையை ஆராய்வதற்கென்றே 1988இல் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. அதே ஊரில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, தான் படித்த பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தையே மேடைக்கலைக் கல்லூரியாக்கினார், 1996இல். பாடுவது, பாட்டு எழுதுவது, பதிவு செய்வது எல்லாம் அங்கே பட்டப்படிப்பு. நம் சென்னையிலும் ஏ.ஆர். ரகுமான் 2008இல் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். ஆனால் மஞ்சக்குப்பத்திலிருந்து சென்னைக்குப் பிள்ளையை அனுப்பி, தனியார் கல்லூரிக் கட்டணமும் கட்டி, வாடகையும் கொடுப்பதென்றால் நான் தினமும் கச்சேரி வாசிக்க வேண்டும். மார்கழியில் எனக்குக் கச்சேரியே கிடையாது.

"பெரிய இசையமைப்பாளர்கள் யாரும் இதைப் படித்து வரவில்லையே" என்பார்கள். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசை கற்றவர். வாத்தியார் இருந்திருக்கிறார், சென்னையில் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். கடலூரில் இருப்பவனுக்கு யார் இருக்கிறார்கள்?

இத்தனைக்கும் இந்த மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. 1929இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். அந்தக் காலத்துக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு என்றால் துக்கடா, அதாவது கடைசியில் ஒப்புக்குப் பாடுகிற சின்னப் பாட்டு. அது சரியில்லை என்று 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசைக்காக மாநாடே நடந்தது. அன்றைக்குத் துக்கடாவுக்காகச் சண்டை போட்ட ஊரில் இன்றைக்கு மெல்லிசை துக்கடாவாக நிற்கிறது. (கர்நாடக சங்கீதத்தை நான் குறை சொல்லவில்லை. அதன் முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் பாடாத ஆள் என் குழுவில் கிடையாது.)

வேண்டியதெல்லாம் அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது என்பதுதான் என் ஆற்றாமை. மெட்டுக்குப் பாட்டு எழுதுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டின் அளவைக் காட்ட 'தான தனனா' என்று தத்தகாரம் கொடுத்தால் நெடில் விழ வேண்டிய இடத்தில் குறிலைப் போடக் கூடாது. போட்டால் பாடகர் அதை இழுத்து, சொல் வேறு சொல்லாகிவிடும். 'படம்' பாடமாகிவிடும். இது சந்தம், யாப்பு. தமிழ்த் துறைக்குத் தெரியாததா? இசைத் துறைக்கு மெட்டு தெரியும். ஒரு நொடி ஒலியை ஏன் 44,100 துண்டுகளாக எடுத்துச் சி.டி.யில் பதிகிறார்கள் என்று கேட்டால் இயற்பியல் வாத்தியார் சொல்லிவிடுவார்: காதுக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதைப் பதிய இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். மூன்று துறையும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் பாடத்திட்டம் பாதி முடிந்தது. அப்புறம் நல்ல மைக் நாலு, சத்தம் புகாத அறை ஒன்று. என் மகள் இப்போது மெத்தையைச் சுவரில் சாய்த்து, போர்வைக்குள் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்கிறாள். மே மாதத்தில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு.

ஒப்பந்தத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்பதற்கும் பாடத்திட்டத்தில் ஒரு பாடம் இருக்கட்டும். 2014இல் ஒரு பக்திப் பாட்டு ஆல்பத்துக்கு எட்டு மெட்டு போட்டேன். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு 8,000 ரூபாய் வாங்கி வந்தேன். இன்றைக்கு யூடியூபில் அந்தப் பாட்டுகள் வேறொருவர் பெயரில் ஓடுகின்றன. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்களுக்குரிய சமபங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது என்று 2012லேயே காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள் என்பது, நான் கையெழுத்துப் போட்டு ஆறு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் கச்சேரிக்கு வந்த ஒரு வக்கீல் சாப்பாட்டுப் பந்தியில் சொன்னார்.

புதுச்சேரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் என்ற நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. ஜூன் 21 வந்தால் பிரெஞ்சுக்காரர்களின் இசைத் திருவிழாவை உங்கள் ஊரும் கொண்டாடுகிறது, கிதாரும் டிரம்ஸும் தெருவுக்கு வருகின்றன. மறுநாள் அந்தப் பிள்ளைகள் எங்கே போய்க் கற்றுக்கொள்கிறார்கள் என்று, ஆசிரியர் அவர்களே, உங்கள் நிருபர் ஒருமுறை விசாரித்து எழுதினால் நல்லது. கடலூரிலிருந்து அரியாங்குப்பம் ஒரே பஸ்தான், என் மகள் போய்விடுவாள்.

இப்போதைக்கு அவள் பி.காம். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறாள். கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஆர்க்கெஸ்ட்ரா கீபோர்டுக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.