தேவகி, அந்தப் பச்சை டப்பாவைக் கொஞ்சம் கீழே வை

அன்புள்ள தேவகிக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் சொன்னால் நீ நீலக் குடைக் கதையை எடுப்பாய், அதனால் சொல்லப்போவதில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். புத்தகம் கிடைத்தது, இன்னும் பிரிக்கவில்லை. கோமதி மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் நம்பமாட்டாள்.

நேற்று உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தேன். மூன்று பக்கம் உன் மருமகனைத் திட்டிவிட்டு, போகிற போக்கில், "மூணு மாசமா மூலிகை ஈஸ்ட்ரோஜன் சாப்பிடறேன், மாதவிடாய் நின்னதுலேர்ந்து வர்ற ராத்திரி வியர்வை பாதியாக் குறைஞ்சாச்சு, முழங்கால் ஆபரேஷனுக்கும் தேதி குறிச்சாச்சு" என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். அந்த இரண்டும் ஒரே வரியில் வரக்கூடாதுடீ! அதிலும் உனக்கு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உன் இடது கெண்டைக்காலில் ரத்தம் கட்டி வீங்கி, ஊசியும் மாத்திரையுமாகக் கிடந்தாயே, அந்தப் பச்சை மாத்திரை டப்பாவை விற்றவரிடம் அதைச் சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய். "மூலிகைதானே" என்று நினைத்திருப்பாய். விற்றவரும் கேட்டிருக்கமாட்டார்.

ஈஸ்ட்ரோஜனுக்கும் ரத்தக்கட்டிக்கும் உள்ள தொடர்பு கல்லீரலில் இருக்கிறது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் பெரும்பாலானவை அங்கேதான் தயாராகின்றன. உறையவிடாமல் தடுக்கிற புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் போன்றவையும் அங்கிருந்துதான் வருகின்றன. வாய்வழி விழுங்கும் எதுவும் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய், அதற்கப்புறம்தான் உடம்புக்குப் போகும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அப்படிக் கெட்டியாகக் கல்லீரலில் இறங்கும்போது, உறைய வைக்கிறவை கூடுகின்றன, தடுக்கிறவை குறைகின்றன. அதே ஈஸ்ட்ரோஜனைத் தோலில் ஒட்டும் பேட்ச்சாகக் கொடுத்தால் கல்லீரலுக்கு இந்த முதல் அடி விழுவதில்லை. பேட்ச் போட்டவர்களிடம் கட்டி கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஆக, எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு எந்த வழியாக உள்ளே போகிறது என்பதும் கணக்கில் வரும். உன் டப்பாவில் இருப்பது விழுங்குகிற மாத்திரை.

எவ்வளவு கூடும் என்று கேட்பாய். 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட அந்தப் பெரிய அமெரிக்க ஹார்மோன் ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்ட 10,000 பெண்களில் வருஷத்துக்கு 16 பேருக்கு ரத்த நரம்பில் கட்டி வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 34 பேருக்கு. அந்தச் செய்தி வந்த பிறகுதான் பெண்கள் கூட்டம் கூட்டமாக மூலிகைப் பக்கம் திரும்பினார்கள். ஒன்றுக்குப் பயந்து இன்னொன்றிடம் போனோமே, அந்த இன்னொன்றை யாராவது அதே அளவுக்குச் சோதித்தார்களா என்று கேட்டவர்கள் குறைவு.

விற்றவர் உனக்குச் சொன்ன நான்கு சமாதானங்களையும் எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"செடியின் ஈஸ்ட்ரோஜன் ரொம்ப பலவீனமானது." இதில் பாதி உண்மை. சோயாவிலும் சிவப்பு க்ளோவர் என்ற தீவனச் செடியிலும் இருக்கும் ஐசோஃபிளேவோன்கள் நம் உடம்பின் ஈஸ்ட்ரோஜனைவிடப் பல மடங்கு மென்மையானவை. செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை உண்டு. இவை பீட்டாவைத்தான் அதிகம் பிடிக்கும், கல்லீரலில் இருப்பது பெரும்பாலும் ஆல்ஃபா. ஆகவே சோயா மட்டும் என்றால் நான் இவ்வளவு பதறமாட்டேன். ஆனால் பீரில் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவில் 8-பிரினைல்நரின்ஜெனின் என்று ஒன்று இருக்கிறது. செடி ஈஸ்ட்ரோஜன்களில் மிக வலுவானவற்றில் அதுவும் ஒன்று. உன் டப்பாவின் மூலிகைப் பட்டியலில் மூன்றாவதாக ஹாப்ஸ் இருக்கிறது.

"ஆய்வுகளில் கட்டி எதுவும் வரவில்லை" என்றும் சொன்னாராம். இதைக் கணக்குப் போட்டுப் பார், உனக்குத்தான் கணக்குப் பிடிக்குமே. இந்த மாத்திரைகளின் ஆய்வுகள் பெரும்பாலும் சில நூறு பேர், சில மாதங்கள். 200 பேர் ஆறு மாதம் சாப்பிட்டால் மொத்தம் 100 வருஷக் கணக்கு. 10,000-க்கு 16 என்றால் 100-க்கு 0.16. ஆபத்து இரண்டு மடங்கானாலும் 0.32. அதாவது கட்டிகள் இரட்டிப்பானாலும் அந்த ஆய்வின் கண்ணுக்கு ஒரு ஆள்கூடத் தெரியமாட்டார். போதாததற்கு, உன்னைப் போல ஏற்கெனவே கட்டி வந்தவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை.

மூன்றாவது சமாதானம், "இது இயற்கை செர்ம், வேண்டிய இடத்தில் ஈஸ்ட்ரோஜன், வேண்டாத இடத்தில் எதிர் ஈஸ்ட்ரோஜன்." இதைப் படித்துச் சிரித்தே விட்டேன். இப்படி இடத்துக்கு இடம் வேறாக வேலை செய்யும் மருந்துக்குத்தான் செர்ம் என்று பெயர். மருந்து உலகில் பிரபலமான செர்ம்கள் டமாக்ஸிஃபீனும் ரலாக்ஸிஃபீனும். மார்பில் எதிர் ஈஸ்ட்ரோஜனாக நின்று புற்றுநோயைக் குறைப்பவை. இரண்டுமே நரம்பில் ரத்தக்கட்டியைக் கூட்டுகிறவை! ஓரிடத்தில் நல்லபிள்ளை என்பதற்காக இன்னோரிடத்திலும் நல்லபிள்ளையாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. (உன் மருமகனைச் சொல்லவில்லை.)

நான்காவதுதான் எனக்கு எரிச்சல் மூட்டியது. "சிவப்பு க்ளோவர் ரத்தத்தை இளக்கும், அதனால் கட்டி பயமே இல்லை." இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1920-களில் வட அமெரிக்காவில் மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்தன. அவை தின்றது பூஞ்சை பிடித்த இனிப்பு க்ளோவர் வைக்கோல். சிவப்பு க்ளோவர் வேறு செடி. அதிலும், செடியில் இருக்கும் கூமரின் தானாக ரத்தத்தை இளக்காது. பூஞ்சை அதை டைகூமராலாக மாற்றிய பிறகுதான் இளக்கும். விஸ்கான்சினில் கார்ல் லிங்க்கின் ஆய்வகம் அதைப் பிரித்தெடுத்தது, அதன் வழியில் வார்ஃபரின் வந்தது, 1948-இல் எலி விஷமாக. மனிதருக்கு, ரத்தத்தை இளக்கும் மருந்தாக, 1954-இல். ஆக, கெட்டுப்போன வேறொரு செடியின் குணத்தை நல்ல மாத்திரையின் தலையில் ஏற்றி, அதையே பாதுகாப்பு என்று விற்கிறார்கள். இன்னொன்று: ரத்தத்தை இளக்கும் ஒன்றும் உறைய வைக்கும் ஒன்றும் ஒரே டப்பாவில் இருந்தால், இரண்டும் கழிந்து பூஜ்யமாகாது. இரண்டு தொல்லையும் சேர்ந்து வரும்.

சேர்ந்து வந்திருக்கிறது. பிசி-ஸ்பெஸ் என்று எட்டு மூலிகைக் கலவை ஒன்று, 1990-களின் பின்பாதியில் அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய்க்காக விற்றது. சாப்பிட்ட ஆண்களுக்கு மார்பகம் வலித்தது, சிலருக்குக் கால் நரம்பில் ரத்தம் கட்டியது. ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்கிறதே என்று 1998-இல் கட்டுரை வந்தது. செடிக்கு இவ்வளவு சக்தியா என்று வியந்தவர்களும் உண்டு. கடைசியில் சோதித்தபோது உள்ளே டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் இருந்தது, அசல் செயற்கை ஈஸ்ட்ரோஜன். கூடவே வார்ஃபரினும் இருந்தது. 2002-இல் திரும்பப் பெற்றார்கள். அந்த டப்பாவின் மேலும் எட்டு மூலிகைப் பெயர்கள்தான் அச்சாகியிருந்தன, தேவகி. மூன்றே மாதத்தில் வியர்வை பாதியாகக் குறைந்தது என்று நீ எழுதும்போது, அது மனசின் வேலையாக இருக்கலாம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே ஆய்வுகளில் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் குறைந்த காரணம் லேபிளில் எழுதாத ஏதோ ஒன்று என்றால்?

லேபிளுக்கு வருகிறேன். "மூலிகைக் கலவை 750 மி.கி." என்று மொத்தமாக ஒரு எண், அடியில் ஏழு பெயர். எதில் எவ்வளவு என்று இல்லாத லேபிளை வைத்து உன் டாக்டராலும் ஒன்றும் சொல்லமுடியாது. "சிவப்பு க்ளோவர் 500 மி.கி." என்பதும் "ஐசோஃபிளேவோன் 40 மி.கி." என்பதும் ஒன்றல்ல. முதலாவது இலைத்தூளின் எடையாக இருக்கலாம், இரண்டாவது அதில் வேலை செய்யும் பொருளின் எடை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஐசோஃபிளேவோன் மாத்திரைகளை ஆராய்ந்து, நாளுக்கு 35 முதல் 150 மி.கி. வரை மார்பு, கருப்பை, தைராய்டு மூன்றுக்கும் கெடுதல் தெரியவில்லை என்றது. அந்த மூன்றில் உன் கால் நரம்பு இல்லை.

பட்டியலில் ஆறாவது பெயரைப் பார். செயின்ட் ஜான்ஸ் வோர்ட். வியர்வையோடு மனச்சோர்வுக்கும் ஆகட்டும் என்று சேர்ப்பார்கள். அது கல்லீரலில் மருந்தைக் கரைக்கும் என்சைமைத் தூண்டிவிடும். முழங்கால் மாற்று என்பதே கட்டிக்குப் பெரிய வாசல். அதனால் ஆபரேஷனுக்குப் பின் குறைந்தது 10 முதல் 14 நாள் ரத்தம் உறையாமல் மருந்து தருவார்கள், அது அபிக்ஸபானாகவோ ரிவராக்ஸபானாகவோ இருக்கலாம். அந்த இரண்டையுமே இந்தச் செடி சீக்கிரம் கரைத்துவிடும். டாக்டர் சரியான டோஸ் கொடுத்திருப்பார், உன் ரத்தத்தில் அந்த அளவு இருக்காது. நிறுத்தினாலும் என்சைம் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்னால் மூலிகைகளை நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உன் நாத்தனாருக்கும் ஒரு டப்பா கொடுத்தாயாமே! அவர் இதயத் துடிப்புக்காக வார்ஃபரினில் இருப்பவர். பட்டியலில் உள்ள டாங் குவாய் என்ற சீன மூலிகை ஐ.என்.ஆரை, அதாவது ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் பரிசோதனை எண்ணை, கூட்டும், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் குறைக்கும், சோயாவும் குறைத்ததாகப் பதிவு இருக்கிறது. மூன்றும் ஒரே டப்பாவில். அவரிடம் இன்றே சொல். நிறுத்தியதும் ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்க்கவேண்டும். நிறுத்துவதும் அளவை மாற்றும் என்பதை மறந்துவிடாதீர்கள். அதிமதுரமும் பட்டியலில் இருக்கிறது. அது பிரஷரை ஏற்றி பொட்டாசியத்தை இறக்கும். அவருக்கு அதுவும் கூடாது.

நீ இன்றைக்கே நிறுத்து. இரண்டு வாரக் கணக்கு எல்லாருக்கும், கட்டி வந்த கால் உள்ளவளுக்கு அது பொருந்தாது. படிப்படியாகக் குறைக்கவேண்டியதில்லை, வியர்வை திரும்பினால் திரும்பட்டும். டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஆபரேஷன் டாக்டர், மயக்கமருந்து டாக்டர் இரண்டு பேரிடமும் காட்டு. "வேறு மாத்திரை ஏதாவது?" என்று கேட்டால் மூலிகை நம் வாயில் வராது, அதனால் கேட்பதற்கு முன்பே மேஜையில் வை. பிரசவத்தின்போது வந்த கட்டியையும் சொல். "அது பழைய கதை" என்று நீ ஒதுக்குவாய். ஹார்மோன் ஏறிய சமயத்தில் ஒருமுறை கட்டியவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மறுபடி உள்ளே போவதுதான் பெரிய பயம். பழைய கதைதான் இங்கே முதல் கதை.

தையல் டேப் எடு. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு முடிச்சு தட்டுப்படும், அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் அள. 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி, சுட்டு, அழுத்தினால் வலித்தாலோ, தைலம் போட்டுத் தேய்க்காதே, அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன். அளவு சரியாக இருந்தாலும் வலியும் வீக்கமும் புதிதாக இருந்தால் அப்படியே. திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சிழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், தலை சுற்றி விழப்பார்த்தால், ஸ்கேனுக்கு நேரம் கேட்டுக்கொண்டிருக்காதே, நேரே அவசரப் பிரிவு. கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை ஆபரேஷனுக்குப் பிறகு எப்படியும் கூடியே இருக்கும், அப்போது அது பயன்படாது. "மூணு மாசம் ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லாதே, ஈஸ்ட்ரோஜன் மாத்திரையில் முதல் வருஷம்தான் ஆபத்து அதிகம். நீ அதன் நடுவில்தான் நிற்கிறாய்.

வியர்வைக்கு வழி இல்லாமல் இல்லை. ஈஸ்ட்ரோஜன் கலக்காத மருந்துகள் இருக்கின்றன: குறைந்த டோஸ் பராக்ஸிடீன், கபாபென்டின், 2023-இல் வந்த ஃபெசோலினிடன்ட். கடைசியதற்குக் கல்லீரல் பரிசோதனை வேண்டும். உனக்கு எது என்று மகப்பேறு டாக்டர் சொல்லட்டும், நான் அல்ல.

ஆபரேஷன் தேதியை உடனே எழுது. மாத்திரையை நிறுத்திய தேதியையும், இரண்டு கால் அளவையும், இடது வலது என்று குறித்து. மருமகனைப் பற்றி அடுத்த கடிதத்தில் மூன்று பக்கம் அல்ல, முப்பது பக்கம் எழுது, படிக்கிறேன்.

அன்புடன்,
சரோ