உறைபனி இரவில் கன்று போடும் மாடுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் ஊட்டி உறைபனிப் படம் வராத பத்திரிகை இல்லை. தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளைக் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும் படத்தை நீங்களும் வெளியிட்டிருந்தீர்கள். பார்க்க அழகுதான். அதே இரவில் அந்தப் புல்வெளியை ஒட்டிய கொட்டகைகளில் மாடுகள் கன்று போடுகின்றன. அதைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

ஊட்டிக்குப் பக்கத்தில் ஐந்து ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். இங்கே ஜனவரியில் விடியற்காலைக் குளிர் பல நாள் 5 டிகிரியை ஒட்டி இருக்கும். பள்ளமான இடங்களில் பூஜ்யத்துக்கும் கீழே போகும். வளர்ந்த மாடு இதைத் தாங்கிவிடும். வயிறு நிறையத் தீனி இருந்தால் அசைபோடும் வயிறே அதற்கு அடுப்பு. பிறந்த கன்றுக்கு அந்த அடுப்பு இன்னும் மூளவில்லை. தாய் வயிற்றில் 39 டிகிரியில் கிடந்தது, பனிக்குடத் தண்ணீரில் நனைந்தபடியே தரையில் விழுகிறது. தரை ஈரமான சிமெண்டாக இருந்தால் உடம்புச் சூட்டை அது உறிஞ்சிவிடும்.

குளிருக்குப் பயந்து நாம் என்ன செய்கிறோம்? நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி, இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்து மூடுகிறோம். சிறுத்தை பயமும் சேர்ந்துகொள்கிறது. நானும் அப்படித்தான் மூடினேன். இரண்டு வருஷத்துக்கு முன், தை மாதத்தில், என் மாடு ஒன்று நல்ல கிடேரிக் கன்று போட்டது. நாலாம் நாள் அதற்கு மூச்சு இரைத்தது. ஆறாம் நாள் இல்லை. பார்க்க வந்த கால்நடை மருத்துவர், கன்று படுத்திருந்த இடத்தில் என்னைக் குனிந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கண் எரிந்தது. மூத்திரத்தின் அமோனியா நெடி. அத்தனை நாளும் நின்றுகொண்டே வேலை பார்த்த எனக்கு அது உறைக்கவே இல்லை. கன்று ஆறு நாளும் அதைத்தான் சுவாசித்திருக்கிறது. மாடுகள் விட்ட மூச்சு, தகரத்தில் பட்டு நீராகி அதன் மேலேயே சொட்டியிருக்கிறது. குளிரைவிட அந்த ஈரமும் புழுக்கமும்தான் அதைக் கொண்டுபோயின என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம்தான் கொட்டகையை மாற்றினேன். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு மூலையைத் தடுத்து, நிறைமாதச் சினைக்கென்றே விட்டுவிட்டேன். கீழே நாலடி உயரத்துக்குக் காற்று புகாத சுவர். மேலே, கூரையை ஒட்டி, ஒரு சாண் திறப்பு. சிறுத்தைக்காக அதில் கம்பி வலை. படுக்கை, கன்று படுத்தால் அதன் கால்கள் மறையும் அளவுக்கு ஆழமாக இருக்க வேண்டும். இங்கேதான் சிரமம். எங்கள் பக்கம் நெல் கிடையாது, வைக்கோல் கீழே சமவெளியிலிருந்து லாரியில்தான் ஏற வேண்டும். அதனால் கோடையிலேயே மலைப்புல்லை அறுத்துக் காயவைத்து, இந்த மூலைக்கென்று ஒதுக்கிவிடுகிறேன்.

இன்னொன்று. சினைமாட்டுக்கு முக்கியத் தீனியைச் சாயங்காலம் போட்டால் பகலில் ஈனுவது அதிகமாகும் என்பதைக் கனடாவின் மானிடோபாவில் ஒரு விவசாயி கவனித்துச் சொன்னார். அங்கே நம்மைவிடப் பல மடங்கு குளிர். எல்லா மாட்டுக்கும் பலிக்காது. ஆனால் நடுராத்திரியில் விழ வேண்டிய ஒரு கன்று மத்தியான வெயிலில் விழுந்தால் அதுவே லாபம்தான். கன்று விழுந்ததும் தாய் நக்கட்டும், நாமும் காய்ந்த சாக்கால் அழுத்தித் துடைக்க வேண்டும். தொப்புளை அயோடினில் நனைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பாலை நிறுத்திவைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் பாலில்தான் நோய் எதிர்ப்பும் சூடும் இருக்கிறது.

அரசு உதவியில் கொட்டகை கட்டித் தரும்போது மலைப் பகுதிக்குத் தனி வரைபடம் வேண்டும். வெயிலுக்காகத் திறந்து வைக்கும் சமவெளிக் கொட்டகை இங்கே உதவாது. ஈனுவதற்கென்று ஒரு மூலையும் அந்த வரைபடத்தில் இருக்கட்டும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ‘நீலகிரியில் ஓரிரு இடங்களில் உறைபனி’ என்று வானிலைச் செய்தி போடும் நாட்களில், அதன் கீழே இரண்டு வரி சேருங்கள்: ‘சினைமாட்டின் படுக்கையை இன்று மாலையே மாற்றுங்கள். கூரையடித் திறப்பை அடைக்காதீர்கள்.’

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் ஒரு வாசகர்,
ஊட்டி அருகிலிருந்து