செங்குன்றம் பக்கத்தில் எங்கள் புதிய ஆலயம்: துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புக்குரியவர்களே,

ஆண்டவரின் நாமத்தில் வாழ்த்துகள். போன மாதம் 2-வது ஞாயிறு எங்கள் ஆலயப் பிரதிஷ்டை நல்லபடியாக நடந்து முடிந்தது. நன்றி சொல்ல நான் எழுந்தபோது அசன விருந்துக்கு இலை போட்டாகிவிட்டது. பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது அன்றிலிருந்து மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொன்னதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் எங்கள் தாய்ச் சபைக்கு. 2014-ல் நாங்கள் ஏழு குடும்பங்கள். எல்லாரும் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பட்டணத்துக்குள் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வயதானவர்களால் முடியவில்லை. எங்கள் வீட்டு ஹாலில் புதன்கிழமை ஜெபக்கூட்டம் தொடங்கி, அது மெல்ல ஞாயிறு ஆராதனையாக மாறியபோது, தாய்ச் சபை கோபித்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தோம். ஏழு குடும்பம் போனால் ஏழு குடும்பத்தின் காணிக்கையும் போகுமே. ஆனால் கமிட்டி கூடிப் பேசி, எங்கள் காணிக்கையை எங்களிடமே விட்டுவிட்டது. அதோடு நிற்காமல் மூன்று வருடம் ஒரு உபதேசியாருக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பியது. ஆயர் ஐயா மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்தார். புதுச் சபை ஊன்றுவதைப் பற்றி நிறையப் பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். தன் மக்களையும் தன் பணத்தையும் கையைத் திறந்து விட்டுக்கொடுத்த ஒரு சபையை நான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்து, எங்கள் தெருக்கோடிப் பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டர். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது, ஆராதனைக்காக நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த மாடியின் ஷீட் கூரை மொத்தமாகப் பறந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. மறுநாள் கரண்ட் இல்லாத இருட்டில், டார்ச்சோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "எங்க ஹால் மத்தியானம் சும்மாதான் இருக்கு அண்ணே, வந்து ஆராதிங்க" என்றார். சரி, ஒரு வாரத்துக்கு என்று போனோம். ஐந்து மாதம் இருந்தோம். நாங்கள் பாமாலை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பாடுகிறவர்கள், அவர்கள் கைதட்டி உரக்க ஜெபிக்கிறவர்கள். ஞானஸ்நானத்திலிருந்து எவ்வளவோ காரியங்களில் எங்களுக்குள் வித்தியாசம் உண்டு. ஆனாலும் அந்த ஐந்து மாதத்தில் எங்கள் ஜனங்களில் ஒருவரைக்கூட அவர் தன் பக்கம் இழுக்கவில்லை. எங்கள் வாலிபன் ஒருவன் தானாகவே போய்க் கேட்டபோதும், "முதல்ல உங்க ஆயர்கிட்ட பேசிட்டு வா தம்பி" என்று திருப்பி அனுப்பினார். மாடியைச் சரிசெய்து நாங்கள் கிளம்பியபோது, உட்கார எங்களுக்குப் பெஞ்சு இல்லையென்று பன்னிரண்டு மர பெஞ்சுகளையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிவிட்டார்.

பிடி அரிசி சேர்த்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கு எப்படி நன்றி சொல்வது? ஊரில் எங்கள் பாட்டிமார் செய்ததுதான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக டப்பாவில் போடுவது. மிசோரம் கிறிஸ்தவர்களிடமும் இதே வழக்கம் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. இங்கே ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி எல்லாம் கலந்துதான் வரும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். ஒரு வாரம் கூலி வேலைக்குப் போகாத ஓர் அக்கா வெறும் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். "இந்த வாரம் உலையே வைக்கல, ஆனா டப்பா வராம இருக்கக் கூடாதுல்ல" என்றார். அஸ்திவாரத்துக்கு வாங்கிய கம்பியும் சிமென்ட்டும் இந்த அரிசிப் பணம்தான்.

தமிழ்நாட்டில் வழிபாட்டுக்கென்று கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஃபைல் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து வர ஒன்றரை வருடம் ஆனது. நடுவில் ஒருமுறை காணாமலும் போனது. அதை விட்டுவிடுகிறேன். விசாரணைக்கு வந்தபோது ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட்ட அக்கம்பக்கத்தார் பத்தொன்பது பேர். அதில் பதினாறு பேர் இந்துக்கள், இரண்டு பேர் முஸ்லிம்கள். எதிர்வீட்டு அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, முழுக்க வாசித்துவிட்டு, "ஸ்பீக்கர் மட்டும் பரீட்சை நேரத்துல வேணாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அம்மா, வெளியே ஸ்பீக்கரே கட்டவில்லை. இனியும் கட்ட மாட்டோம்.

இனி செங்கல் சூளை ஊழியம். எங்கள் பக்கத்தில் அதைச் சேம்பர் என்பார்கள். ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். மழை ஓய்ந்த பிறகு வந்து, ஜூன் வாக்கில் திரும்பிப் போவார்கள். முன்பணம் வாங்கிவிட்டு வருகிறவர்கள், அது கழியும்வரை செங்கல் அறுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அங்கேயும் பள்ளி இல்லை, இங்கேயும் இல்லை என்று ஆகிவிடும். நாங்கள் தமிழில் அ, ஆ சொல்லிக்கொடுக்கப் போனோம். பிள்ளைகள் சிரித்தார்கள், ஒன்றும் ஏறவில்லை. அப்போதுதான் அதே பெந்தெகொஸ்தே சபையிலிருந்து ஒரு தம்பி வந்தார். அவரும் ஒடிசாதான், கோராபுட்காரர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. முதல் நாள் அவர் அவர்கள் ஊர்ப்பக்கத்து வணக்கமாக "ஜுஹார்" என்று கும்பிட்டதும், தூர நின்ற தாய்மார் அத்தனை பேரும் பக்கத்தில் வந்துவிட்டார்கள். ஷிஃப்ட் முடிந்த அலுப்போடு வாரம் மூன்று நாள் வந்து ஒடியா எழுத்தே சொல்லிக்கொடுத்தார். ஊருக்குத் திரும்பினால் பிள்ளைகளுக்கு அதுதானே உதவும். ஒரு சாயங்காலம் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, அவள் அப்பா அறுத்துப் போட்ட பச்சைக் கல்லில் விரலால் தன் பெயரை எழுதினாள். கல் கெட்டுப்போயிற்று என்று திட்டுவாரோ என்று பார்த்தேன். அவர் அதை அடுக்கில் சேர்க்காமல், குடிசைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

சேம்பர் முதலாளிக்கு முதலில் எங்கள்மேல் சந்தேகம் இருந்தது. ஒருநாள் வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் தார்ப்பாயும் ஒரு பல்பும் கொடுத்தனுப்பினார். மாதாமாதம் பி.பி. பார்க்கும் கருவியும் மாத்திரைப் பையுமாக வந்த கத்தோலிக்கக் கன்னியர் இருவருக்கும் எங்கள் வணக்கம்.

எங்கள் ஊர்ப்பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். பிறகு தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு படித்து ஊழியம் செய்தார். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் எவ்வளவோ கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டவர் அவர். சின்ன வயதில் இதை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்களெல்லாம் வந்த பிறகு புரிந்தது.

பிரதிஷ்டைக்கு மறுவாரம், பன்னிரண்டு பெஞ்சுகளையும் துடைத்து, ஆடிய கால்களுக்கு ஆணி அடித்துப் பாஸ்டரிடம் கொண்டுபோனோம். அவர் இறக்க விடவில்லை. சேம்பரில் மூன்று குடும்பங்கள் ஊரிலேயே சபைக்குப் போகிறவர்கள். அவர்களோடு ஞாயிறு சாயங்காலம் கோராபுட் தம்பி ஒடியாவில் ஆராதனை தொடங்கியிருக்கிறார். வண்டியை அப்படியே அங்கே விடச் சொன்னார். இப்போது பெஞ்சுகள் தார்ப்பாயின் கீழ் இருக்கின்றன. ஜூன் வரைக்கும் அங்கேதான் இருக்கும்.

கிறிஸ்துவின் அன்பில்,
சபைச் செயலர்